ஃப்யூத்யூர் ஆன்தேரியர்: பிரெஞ்சில் ‘முடித்திருப்பேன்’ என்று சொல்ல முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் தங்க வரும் பிரெஞ்சுக்காரர்களைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகள், வழிகாட்டி வேலைக்குப் போகிறவர்கள், டெல்ஃப் பி1 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்குப் படிக்கும் கல்லூரி மாணவர்கள் என்று என்னிடம் பிரெஞ்சு படிக்க வருகிறவர்கள் பலவகை. ஆனால் தடுக்கி விழும் இடம் எல்லோருக்கும் ஒன்றுதான். ‘முடித்துவிட்டேன்’ என்று சொல்லும் பாஸே கோம்போஸே வரை தாராளமாக ஓடும் வண்டி, எதிர்காலத்தில் ஒரு வேலை முடிந்திருக்கும் என்று சொல்லும் ஃப்யூத்யூர் ஆன்தேரியர் வந்ததும் நின்றுவிடுகிறது.

வடிவம் கஷ்டமில்லை. எங்கே போடுவது என்பதில்தான் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து காலை வாருகின்றன. அதனால் வடிவத்தைச் சீக்கிரம் கடந்து, பயன்பாட்டில் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

பிரெஞ்சுச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ‘ஃஸ’ என்று வருவது ஆங்கில இசட் ஒலி. ‘த்யூ’, ‘வ்யூ’ என்று வரும் இடங்களில் உதட்டைக் குவித்துக்கொண்டு ‘ஈ’ சொல்லுங்கள். ‘ஒரோன்’, ‘மான்ஜே’ போன்றவற்றில் ‘ன்’ மூக்கோடு நின்றுவிட வேண்டும், நாக்கு மேலே தொடக் கூடாது. எழுத்துக்கூட்டல் முக்கியமான இடத்தில் எழுத்தின் பெயரையே சொல்கிறேன். பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விஷயங்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். அவ்வார் (உடைமையைச் சொல்வது), ஏத்ர் (‘இரு’) என்ற இரண்டு துணைவினைகளின் எளிய எதிர்காலம். அடிக்கடி வரும் வினைகளின் பார்த்திஸிப் பாஸே, அதாவது துணைவினைக்குப் பின்னால் வரும் வடிவம். அப்புறம், எந்த வினை ஏத்ரோடு போகும் என்ற பட்டியல்.

பின்னவை இரண்டும் பாஸே கோம்போஸே படித்தபோதே வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் இங்கே நிறுத்திவிட்டு அங்கே திரும்பிப் போங்கள். ஃப்யூத்யூர் ஆன்தேரியர் என்பது பாஸே கோம்போஸேதான், துணைவினையை மட்டும் எதிர்காலத்துக்குத் தள்ளியது. ‘ஜே ஃபினி’ என்பது ‘முடித்துவிட்டேன்’. ‘ஜொரே ஃபினி’ என்பது ‘முடித்திருப்பேன்’. அடித்தளத்தில் ஓட்டை இருந்தால் அதே ஓட்டை இங்கேயும் வரும்.

2. முதலில் துணைவினையைத் தீர்மானியுங்கள்

புதிதாகப் படிக்கிறவர்கள் வினையிலிருந்து தொடங்குவார்கள். ‘ஃபினிர்’ என்று எழுதி, அதற்கு எதிர்கால விகுதி போட்டு, பிறகு துணைவினையை எங்கே செருகுவது என்று தேடுவார்கள். தலைகீழ் வரிசை. முதல் கேள்வி: அவ்வாரா, ஏத்ரா? வடிவம், பொருத்தம், எழுத்துக்கூட்டல் மூன்றும் இந்தப் பதிலைப் பொறுத்தவை.

பெரும்பாலான வினைகளுக்கு அவ்வார். ஏத்ர் எடுப்பவை இரண்டே வகை. ஒன்று, செய்பவரையே திரும்பச் சுட்டும்படி ‘ஸெ’ போட்டு வரும் தற்சுட்டு வினைகள் எல்லாம். இன்னொன்று, போக்குவரத்தையும் நிலை மாற்றத்தையும் சொல்லும் ஒரு சிறு கூட்டம்.

அந்தக் கூட்டத்தை நினைவில் வைக்க ஒரு பெரிய செட்டிநாட்டு வளவு வீட்டுக்குள் ஆளை நடக்க விடுங்கள். விருந்தாளி வருகிறார் (அரிவே, வெனிர்), முகப்பில் நுழைகிறார் (ஆன்த்ரே), மாடிக்கு ஏறுகிறார் (மோன்தே), இறங்குகிறார் (தெஸான்த்ர்), படியில் தவறி விழுகிறார் (தோம்பே), நாலு நாள் தங்குகிறார் (ரெஸ்தே), வெளியே போகிறார் (ஸொர்த்திர்), ஊருக்குக் கிளம்புகிறார் (பார்த்திர்), போகிறார் (அலே), திரும்பி வருகிறார் (ரெவெனிர், ரான்த்ரே, ரெதூர்னே), நம் தெரு வழியே கடந்து போகிறார் (பாஸே). அதே வீட்டில் ஒரு குழந்தை பிறக்கிறது (நேத்ர்), பெரியவராக ஆகிறது (தெவெனிர்), ஒருவர் இறக்கிறார் (மூரிர்). அவ்வளவுதான்.

இங்கே மூன்று தப்புகள் வழக்கமாக வருகின்றன.

நகர்வு என்றாலே ஏத்ர் என்று நினைப்பது முதல் தப்பு. நடப்பது (மார்ஷே), ஓடுவது (கூரிர்), பயணம் செய்வது (வ்வாயாஜே) எல்லாம் அவ்வார்தான். அந்த வினைகள் எப்படி நகர்கிறோம் என்று சொல்கின்றன, எங்கே போய்ச் சேர்ந்தோம் என்று சொல்வதில்லை.

இரண்டாவது, ‘இருந்திருப்பேன்’ என்பதற்கு ‘ஜெ ஸெரே எதே’ என்று எழுதுவது. ஏத்ருக்கே துணைவினை அவ்வார்தான்: ‘ஜொரே எதே’. அவ்வாருக்கும் அவ்வார்தான்: ‘ஜொரே யூ’. அந்த ‘யூ’ புத்தகத்தில் ஈ-யூ என்று இரண்டு எழுத்தாக இருக்கும், வாயில் ஒற்றை ஒலி.

மூன்றாவது தப்பு விடுதிகளில் வேலை பார்ப்பவர்களுக்கே வரும். ‘நான் மாடிக்கு ஏறியிருப்பேன்’ என்றால் ‘ஜெ ஸெரே மோன்தே’. ‘பெட்டிகளை மாடிக்கு ஏற்றியிருப்பேன்’ என்றால் ‘ஜொரே மோன்தே லே வாலீஃஸ்’. தமிழில் ஏறு, ஏற்று என்று வினையே மாறிவிடுகிறது. பிரெஞ்சில் வினை அப்படியே இருக்கும், துணைவினை மாறும். இறங்கு-இறக்கு (தெஸான்த்ர்), வெளியே போ-வெளியே எடு (ஸொர்த்திர்), இவற்றுக்கும் ரான்த்ரே, ரெதூர்னே, பாஸே மூன்றுக்கும் இதே கதைதான். வினைக்குப் பின்னால் ‘எதை?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அவ்வார்.

3. துணைவினையை எதிர்காலத்துக்குத் தள்ளுங்கள்

அவ்வார்: ஜொரே, த்யூ ஒரா, இல் ஒரா, நூஃஸொரோன், வூஃஸொரே, இல்ஃஸொரோன்.

ஏத்ர்: ஜெ ஸெரே, த்யூ ஸெரா, இல் ஸெரா, நூ ஸெரோன், வூ ஸெரே, இல் ஸெரோன்.

இதில் காது கவனிக்க வேண்டியது ஒன்று, கை கவனிக்க வேண்டியது ஒன்று. காதுக்கு: ஏ-யூ என்று தொடங்குவதைப் பார்த்து ‘ஆரே’ என்று படிக்கிறார்கள். அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்தால் ‘ஒ’. பன்மையில் ‘ஃஸ’ இணைப்பு ஒலி கேட்கிறதா என்று பாருங்கள். ‘இல்ஃஸொரோன்’ என்றால் அவ்வார், ‘இல் ஸெரோன்’ என்றால் ஏத்ர்.

கைக்கு: ‘ஜொரே’ என்பது ஏ-ஐ என்று முடிய வேண்டும். பின்னால் எஸ் ஒட்டிக்கொண்டால் அது வேறு வினைவடிவம், பொருளே மாறிவிடும். பலர் பேச்சில் இரண்டையும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறார்கள், அதனால் காதை நம்பி எழுத முடியாது. இதைப் பற்றி பதினோராம் படியில் விரிவாக.

4. பார்த்திஸிப் பாஸேயைச் சேருங்கள்

ஈ-ஆர் முடிவு உள்ளவை ‘ஏ’ ஆகும் (விஃஸிதே), ஐ-ஆர் முடிவு உள்ளவற்றில் பெரும்பாலானவை ‘இ’ ஆகும் (ஃபினி), ஆர்-ஈ முடிவு உள்ள ஒழுங்கான வினைகள் ‘யூ’ ஆகும் (வான்த்யூ). ஒழுங்கற்றவற்றில் சுற்றுலா வேலைக்குத் தினமும் வேண்டியவை: ஃபே (செய்), ப்ரி (எடு), மி (வை), வ்யூ (பார்), ல்யூ (படி), ப்யூ (குடி), தி (சொல்), எக்ரி (எழுது), ஊவேர் (திற), ரெஸ்யூ (பெறு), வென்யூ (வா). இதற்கு மேல் விளக்கம் ஒன்றும் இல்லை, மனப்பாடம்தான்.

ஒரு எழுத்துப் பிழை மட்டும் சொல்லிவிடுகிறேன். ‘விஃஸிதே’ என்பது மூல வினையும்தான், பார்த்திஸிப்பும்தான், ஒலியில் வித்தியாசமே இல்லை. எழுதும்போது ஆர் வருமா, குறியிட்ட ஈ வருமா? சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் விற்பதைச் சொல்லும் வினையைப் போட்டுப் பாருங்கள். ‘ஜொரே வான்த்யூ’ என்றுதான் வாயில் வருகிறது, ‘ஜொரே வான்த்ர்’ என்று வரவில்லை. அப்படியானால் அங்கே பார்த்திஸிப், குறியிட்ட ஈ.

5. பொருத்தம் பாருங்கள்

ஏத்ர் என்றால் பார்த்திஸிப் எழுவாயோடு பொருந்தும். பெண் என்றால் ஈ, பன்மை என்றால் எஸ், பல பெண்கள் என்றால் ஈ-எஸ். ‘எல் ஸெரா பார்த்தி’ (அவள் கிளம்பியிருப்பாள்) என்பதில் ஒரு ஈ கூடுதல். காதுக்குக் கேட்காது, தேர்வுத் தாளில் மார்க் போகும்.

‘வூ’தான் இதில் கண்ணி. நம் ‘நீங்கள்’ மாதிரியே அது ஒருவருக்கு மரியாதையாகவும் வரும், பலருக்குப் பன்மையாகவும் வரும். ‘வூ ஸெரே அரிவே’ என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறீர்கள். தனியாக வரும் ஆணுக்கு ஒன்றும் சேர்க்க வேண்டாம். தனியாக வரும் பெண்ணுக்கு ஈ. கணவன் மனைவிக்கு எஸ். இரண்டு தோழிகளுக்கு ஈ-எஸ். யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாமல் இந்த வாக்கியத்தைச் சரியாக முடிக்கவே முடியாது.

அவ்வார் என்றால் எழுவாயைக் கண்டுகொள்ள வேண்டாம். செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்தால் மட்டும் அதோடு பொருத்தம். ‘ஜொரே ப்ரி லா ஃபோத்தோ’, நான் படம் எடுத்திருப்பேன். இங்கே மாற்றமில்லை. ‘லா ஃபோத்தோ கெ ஜொரே ப்ரீஃஸ்’, நான் எடுத்திருக்கப்போகும் படம். இங்கே படம் முன்னால் வந்துவிட்டது, அது பெண்பால், ஆகவே ஈ சேர்ந்து கடைசியில் ‘ஃஸ்’ ஒலியும் கேட்கிறது. இந்த விதியை முதலில் ப்ரி, மி, ஃபே, தி, ஊவேர், எக்ரி ஆகியவற்றோடு பழகுங்கள். பொருத்தம் காதிலேயே விழும் வினைகள் இவை, அதனால் சீக்கிரம் மனதில் ஒட்டும்.

6. இடையில் வரும் சொற்களுக்கு இடம் ஒதுக்குங்கள்

மறுப்பு துணைவினையைச் சுற்றி வரும்: ‘ஜெ நொரே பா ஃபினி’. ‘ஏற்கெனவே’ என்ற தேஜா துணைவினைக்கும் பார்த்திஸிப்புக்கும் நடுவில்: ‘ஜொரே தேஜா மான்ஜே’. அதை, அவளை போன்ற சுட்டுகள் துணைவினைக்கு முன்னால்: ‘ஜெ லொரே ப்ரேபாரே’. தற்சுட்டு என்றால் ‘நூ நூ ஸெரோன் ரெபோஃஸே’, நாங்கள் ஓய்வெடுத்திருப்போம். இரண்டு ‘நூ’ வந்துவிட்டதே என்று ஒன்றை அடித்துவிடுகிறார்கள். இரண்டும் வேண்டும். முதலாவது எழுவாய், இரண்டாவது தற்சுட்டு.

கேள்வி கேட்க ‘ஒரே-வூ ஃபினி அவான் மிதி?’ என்று திருப்பிப் போடலாம். வாய்ப்பேச்சில் ‘வூஃஸொரே ஃபினி அவான் மிதி?’ என்று குரலை உயர்த்தினாலே போதும்.

7. முதல் பயன்பாடு: கெடு வைத்துச் சொல்வது

எதிர்காலத்தில் ஒரு புள்ளியை வைத்து, அதற்குள் ஒன்று முடிந்து கிடக்கும் என்று சொல்வது. ‘திஸி மிதி, நூஃஸொரோன் விஃஸிதே த்ர்வா மேஃஸோன்’: மத்தியானத்துக்குள் மூன்று வீடுகளைப் பார்த்திருப்போம். ‘ஜொரே ப்ரேபாரே லா ஷாம்ப்ர் அவான் வொத்ராரிவே’: நீங்கள் வருவதற்குள் அறையைத் தயார் செய்திருப்பேன்.

இங்கே தமிழ் நம்மைத் திசை திருப்பும். பேச்சில் நாம் ‘மத்தியானத்துக்குள் பார்த்திருப்போம்’ என்று அதிகம் சொல்வதில்லை, ‘பார்த்துவிடுவோம்’ என்கிறோம். அந்த ‘விடுவோம்’ காதில் எளிய எதிர்காலமாக ஒலிக்க, கை ‘நூ விஃஸித்ரோன்’ என்று எழுதிவிடுகிறது. அது இலக்கணப்படி தப்பு இல்லை. ஆனால் மத்தியானத்துக்கு முன்னால் ஏதோ ஒரு நேரம் பார்ப்போம் என்றுதான் பொருள் படும். மத்தியானம் ஆகும்போது வேலை முடிந்த நிலையில் இருக்கும் என்ற உறுதி அதில் இல்லை.

ஆகவே தமிழ் விகுதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். கெடு நேரத்தில் போய் நின்றுகொண்டு திரும்பிப் பார்ப்பதாக நினையுங்கள். அந்த வேலை முதுகுக்குப் பின்னால் முடிந்து கிடக்கிறதா? அப்படியானால் ஃப்யூத்யூர் ஆன்தேரியர். ‘திஸி’, ‘அவான்’, ‘தேஜா’ ஆகிய மூன்று சொற்களில் ஒன்று வாக்கியத்தில் இருந்தால் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

8. இரண்டாவது பயன்பாடு: முதலில் இது, பிறகு அது

அதிகம் பயன்படுவதும் அதிகம் தப்பு வருவதும் இங்கேதான். கான், லொர்ஸ்க் (போது), தே கெ, ஓஸிதோ கெ (உடனே), யூன் ஃப்வா கெ (முடிந்ததும்), அப்ரே கெ (பிறகு) ஆகியவற்றில் ஒன்று வந்து, எதிர்காலத்தில் இரண்டு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால், முந்தி முடிவது ஃப்யூத்யூர் ஆன்தேரியர். பிந்தி நடப்பது எளிய எதிர்காலம் அல்லது ஏவல்.

‘கான் வூஃஸொரே மான்ஜே, அப்லே-ம்வா.’ சாப்பிட்டதும் என்னைக் கூப்பிடுங்கள்.

இதை எழுதச் சொன்னால் பாதிப் பேர் ‘கான் வூஃஸாவே மான்ஜே’ என்றுதான் எழுதுவார்கள். காரணம் இரண்டு. தமிழில் ‘சாப்பிட்டதும்’ என்பது இறந்தகால வடிவம். நேற்றைக்கும் ‘சாப்பிட்டதும் கூப்பிட்டார்’, நாளைக்கும் ‘சாப்பிட்டதும் கூப்பிடுவார்’. எதிர்காலம் கடைசி வினையில் மட்டும் தெரிந்தால் நமக்குப் போதும். ஆங்கிலமும் இந்த இடத்தில் எதிர்காலம் போடுவதில்லை. ஆக, தமிழில் யோசித்தாலும் ஆங்கிலத்தில் யோசித்தாலும் வந்து சேர்வது ஒரே தப்பான இடம். பிரெஞ்சுக்கு இரண்டு பக்கமும் எதிர்காலம் தெரிய வேண்டும்.

இதைப் பழக ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் வண்ண ஓடு) செய்வதை விவரிப்பதுதான் நான் கண்டதில் நல்ல பயிற்சி. பட்டறைக்குப் பயணிகளைக் கூட்டிப்போகிறவர்கள் எப்படியும் இதைச் சொல்லத்தான் போகிறீர்கள். அந்த வேலையே ஒன்று முடிந்தால்தான் இன்னொன்று என்று போகும். கண்ணாடித் தகடு, அதன் மேல் சட்டம், சட்டத்துக்குள் அச்சு, அச்சின் கண்களில் வண்ணம். அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும். இறுகிய பிறகு காய வைத்து, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் சில நாள்.

‘கான் லார்த்திஃஸான் ஒரா வெர்ஸே லே கூலோர், இலாஜூத்ரா லெ ஸாப்ல் ஏ லெ ஸிமான்.’ கைவினைஞர் வண்ணங்களை ஊற்றியதும் மணலும் சிமெண்டும் சேர்ப்பார். ஊற்றுவது முந்தி, சேர்ப்பது பிந்தி.

‘யூன் ஃப்வா கெ லெ காரோ ஒரா ஸேஷே, ஓன் லெ மெத்ரா தான் லோ.’ கல் காய்ந்ததும் தண்ணீரில் போடுவார்கள். காய்வது நிலை மாற்றம்தானே, ஏத்ர் வராதா என்று கேட்பார்கள். வராது, அது வளவு வீட்டுப் பட்டியலில் இல்லை.

‘கான்தில் ஸெரா ரெஸ்தே கெல்க் ஜூர் தான் லோ, ஓன் லெ ஸொர்த்திரா.’ சில நாள் தண்ணீரில் கிடந்ததும் வெளியே எடுப்பார்கள். கிடப்பது ரெஸ்தே, அது பட்டியலில் உண்டு, ஆகவே ஏத்ர்.

‘தான் கெ லெ ஸிமான் நொரா பா ப்ரி, நெ தூஷே பா.’ சிமெண்ட் பிடிக்கிற வரைக்கும் தொடாதீர்கள். ‘தான் கெ’யோடு மறுப்பு சேர்ந்தால் ‘இன்னும் ஆகாத வரைக்கும்’ என்று பொருள். சிமெண்ட் இறுகுவதற்குப் பிரெஞ்சிலும் ‘பிடிப்பது’தான், ப்ரான்த்ர்.

இந்த நாலு வாக்கியத்தையும் பார்க்காமல் சொல்ல வந்துவிட்டால், அடுப்படிப் பக்கம் போய் கந்தரப்பத்துக்கும் இதே மாதிரி நீங்களே செய்துகொள்ளலாம். ஊற வைத்ததும் அரைப்போம், அரைத்ததும் வெல்லம் சேர்ப்போம்.

இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் இந்த வடிவம் வேண்டாம். ‘கான் வூஃஸாரிவ்ரே, ஜெ ஸெரே ஆ லா கார்’ என்றால் நீங்கள் வந்து இறங்கும்போது நான் ஸ்டேஷனில் இருப்பேன். இங்கே ‘வூ ஸெரே அரிவே’ போட்டால் வந்து சேர்ந்து எல்லாம் ஆன பிறகுதான் நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றாகிவிடும். பெட்டியோடு நிற்கும் விருந்தாளி என்ன நினைப்பார்?

இரண்டு வேலைக்கும் ஆள் ஒருவரே என்றால் தப்பிக்க ஒரு குறுக்குவழி உண்டு: ‘அப்ரே அவ்வார் மான்ஜே, நூ விஃஸித்ரோன் லா மேஃஸோன்’, சாப்பிட்ட பிறகு வீட்டைப் பார்ப்போம். பேச்சுக்கு இது நல்லது. ஆட்கள் வேறு வேறு என்றால் இது செல்லாது.

9. போடக் கூடாத இடங்கள்

‘ஸி’ (ஆல்) என்ற நிபந்தனைக்குப் பின்னால் எந்த எதிர்காலமும் வராது, இதுவும் வராது. முன்னால் முடிய வேண்டிய வேலை என்றால் அங்கே பாஸே கோம்போஸே: ‘ஸி வூஃஸாவே ஃபினி அவான் மிதி, நூஃஸிரோன் ஆ ஆத்தங்குடி.’ மத்தியானத்துக்குள் முடித்துவிட்டால் ஆத்தங்குடி போவோம். எட்டாம் படியை நன்றாகப் படித்தவர்கள்தான் இங்கே தப்பு செய்வார்கள். கானுக்குப் போட்டதை ஸிக்கும் போட்டுவிடுவார்கள்.

அதே ஸி ‘முடித்திருப்பாரா என்று தெரியவில்லை’ என்பது போல் மறைமுகக் கேள்வியாக வந்தால் தடையில்லை: ‘ஜெ நெ ஸே பா ஸில் ஒரா ஃபினி’.

‘அவான் கெ’ (முன்பே) வந்தால் அங்கே ஸ்யூப்ஃஜோன்க்திஃப் என்ற வேறு வினைவடிவம். அப்ரே கெயும் அவான் கெயும் ஜோடி மாதிரி தெரிந்தாலும் நடத்தை வேறு. நடந்து முடிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வது அப்ரே கெ, இன்னும் நடக்காததைச் சொல்வது அவான் கெ. ஸ்யூப்ஃஜோன்க்திஃப் இன்னும் படிக்கவில்லை என்றால் ஏழாம் படியில் செய்ததுபோல் பெயர்ச்சொல்லைப் போட்டுச் சமாளியுங்கள்: ‘அவான் வொத்ராரிவே’.

10. மூன்றாவது பயன்பாடு: ஊகம்

இதில் நமக்கு ஆங்கிலம் படித்தவர்களைவிடச் சௌகரியம் அதிகம். ‘வந்திருப்பார்’, ‘மறந்திருப்பார்’ என்று நடந்து முடிந்ததைப் பற்றி ஊகமாகச் சொல்கிறோமே, அதே வேலையைப் பிரெஞ்சிலும் இந்த வடிவம் செய்யும். ‘இல் ஒரா ஊப்லியே லா க்லே’: சாவியை மறந்திருப்பார். ‘இல் ஒரா ராத்தே லெ ப்யூஸ்’: பஸ்ஸை விட்டிருப்பார். தமிழில் வாய்க்கு வருவதை அப்படியே மாற்றினால் சரியாக இருக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இது கொஞ்சம் எழுத்து நடைப் பக்கம் சாய்ந்தது. சாதாரணப் பேச்சில் பிரெஞ்சுக்காரர்கள் ‘இலா த்யூ ஊப்லியே’ என்று சொல்வதுதான் அதிகம். படித்தால் புரிய வேண்டும், எழுதினால் வர வேண்டும். பேசும்போது இரண்டாவதைப் பழகிக்கொள்ளுங்கள்.

பத்திரிகைகளில் ஒருவரின் வாழ்க்கையையோ ஒரு காலத்தையோ மொத்தமாக எடைபோடும்போதும் இதே வடிவம் வரும்: ‘இல் ஒரா மார்க்கே ஸோனேபொக்’, தன் காலத்தில் தடம் பதித்துவிட்டுப் போனவர். இங்கே ஊகமும் இல்லை, எதிர்காலமும் இல்லை. ‘பதித்திருப்பார்’ என்று மொழிபெயர்த்தால் கெட்டுப்போகும். படிக்கும்போது அடையாளம் கண்டால் போதும், எழுத முயல வேண்டாம்.

11. ‘முடித்திருப்பேன்’ என்பதன் இன்னொரு முகம்

தமிழ் ‘இருப்பேன்’ இதுவரை உதவியது, இங்கே கவிழ்க்கும். ‘நாளைக்குள் முடித்திருப்பேன்’ என்பதும் ‘நேரம் இருந்திருந்தால் முடித்திருப்பேன்’ என்பதும் நமக்கு ஒரே வடிவம். முதலாவது நடக்கப் போவது. இரண்டாவது நடக்காமல் போனது. பிரெஞ்சு இவற்றைப் பிரித்துவிடும். நடக்காமல் போனதற்கு கோன்திஸியோனெல் பாஸே.

‘ஸி ஜாவே யூ லெ தான், ஜொரே ஃபினி.’ நேரம் இருந்திருந்தால் முடித்திருப்பேன். இந்த ‘ஜொரே’யின் கடைசியில் ஏ-ஐ-எஸ். மூன்றாம் படியில் சொன்ன எஸ் இதுதான்.

எழுத்தில் சந்தேகம் வந்தால் ‘நான்’ என்பதை ‘நாங்கள்’ ஆக்கிப் பாருங்கள். ‘நூஃஸொரோன் ஃபினி’ என்று வந்தால் எஸ் வேண்டாம். ‘நூஃஸொரியோன் ஃபினி’ என்று வந்தால் எஸ் வேண்டும். தமிழிலேயே பிடிக்கவும் வழி உண்டு: வாக்கியத்தில் ‘இருந்திருந்தால்’, ‘வந்திருந்தால்’ என்பது போல் ‘-இருந்தால்’ இருக்கிறதா, அல்லது அதை மனதுக்குள் சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் கோன்திஸியோனெல்.

வகுப்பில் ஒரு தம்பி கேட்டான், “அண்ணே, காதுக்கு ஒன்னாத்தானே கேக்குது, எழுதும்போது மட்டும் எதுக்கு?” பேசும்போது முன்பின் வாக்கியங்கள் காப்பாற்றிவிடும். முன்பதிவு பற்றி ஒற்றை வரியில் செய்தி அனுப்பும்போது அந்தக் காப்பு இல்லை. ‘அறையைத் தயார் செய்திருப்பேன்’ என்று உறுதி சொல்ல நினைத்து எஸ் போட்டு அனுப்பினால், தயார் செய்திருக்கலாம், ஆனால் முடியவில்லை என்று அவர்கள் படிப்பார்கள்.

12. நீங்களே செய்து பாருங்கள்

விடையை மறைத்துக்கொண்டு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் வரிசை இதுதான்: எது முந்தி, எந்தத் துணைவினை, எந்த ஆள், பார்த்திஸிப், கடைசியில் பொருத்தம். பொருத்தத்தை நடுவில் பார்க்காதீர்கள். செயப்படுபொருள் எங்கே வந்து விழும் என்பது வாக்கியம் முடிந்தால்தான் தெரியும்.

‘நீங்கள் குளித்ததும் இட்லி கொண்டுவருகிறேன்.’ விடை: ‘கான் வூஃஸொரே ப்ரி வொத்ர் தூஷ், ஜாபொர்த்ரே லேஃஸ் இட்லி.’ தமிழில் ‘கொண்டுவருகிறேன்’ நிகழ்காலத்தில் இருக்கிறது, பிரெஞ்சில் அது எளிய எதிர்காலம். இரண்டு பக்கமும் மாற்ற வேண்டியிருப்பதால் இது கொஞ்சம் கடினம்.

‘டிரைவரைக் காணோம். வழியில் வண்டி பழுதாகியிருக்கும்.’ விடை: ‘லெ ஷோஃபோர் நே பா லா. இல் ஒரா யூ யூன் பான்.’ ஊகம். வண்டி என்ற எழுவாயை விட்டு, டிரைவருக்குப் பழுது ஏற்பட்டதாகத்தான் பிரெஞ்சில் சொல்வார்கள்.

‘மழை பெய்திருந்தால் வீட்டிலேயே இருந்திருப்போம்.’ விடை: ‘ஸில் ஆவே ப்ல்யூ, நூ ஸெரியோன் ரெஸ்தே ஆ லா மேஃஸோன்.’ இது கண்ணி. மழை பெய்யவில்லை, வீட்டிலும் இருக்கவில்லை. ஃப்யூத்யூர் ஆன்தேரியருக்கு இங்கே வேலையே இல்லை.

‘சமையல் முடிந்திருந்தால் இப்போதே சாப்பிடுவோம்’ என்பதை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. தமிழிலேயே அது இரண்டு பொருள் தரும்.

கடைசியாக, காரைக்குடியிலிருந்து அதிகாலையில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டிய, தூக்கம் கலையாத விருந்தாளிகள் பற்றி ஒன்று. ‘அவர்கள் எழுந்திருக்கும்போது ரயில் கிளம்பியிருக்கும்.’ விடை: ‘கான்தில் ஸெ ரேவெய்ரோன், லெ த்ரேன் ஸெரா தேஜா பார்த்தி.’ கானைப் பார்த்ததும் அதன் பக்கத்து வினைக்கு ஃப்யூத்யூர் ஆன்தேரியர் போட்டவர்கள் எட்டாம் படியை இன்னொரு தரம் படியுங்கள். அது கானோடு ஒட்டிக்கொள்ளும் வடிவம் இல்லை, முந்தி முடிந்ததோடு ஒட்டுவது. இங்கே முந்தியது ரயில்.